முகங்கள் மிச்சமாகட்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பச் சுற்றுலாவில் படம் பிடிப்பது இன்பத்தைக் கூட்டுகிறதா? குறைக்கிறதா? இடம்: புளியங்குடி. ‘கூட்டுகிறது’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரொம்பக் கோபமாகக் கேட்டார், “ஆண்டவன் ரெண்டு கண்ணு கொடுத்திருக்கான், மூணாவது கண்ணு எதுக்கு?” என்று. ஐயா, மூன்றாவது கண் வைத்திருப்பவரைத்தான் நாம் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம்! (சிரிப்பு, கைதட்டல்)

“குற்றாலத்துக்கு வருகிறவன் அருவியில் தலையைக் காட்டாமல் செல்போனைக் காட்டுகிறான்” என்றும் சொன்னார். உண்மைதான். ஆனால் அது படத்தின் குற்றமா, அளவின் குற்றமா? குழம்பிலே உப்பு கூடிப் போச்சுன்னா அளவைக் குறைப்போமா, சமையலையே நிறுத்திடுவோமா?

அளவு தெரிந்து எடுத்த காலம் ஒன்று இருந்தது. ஒரு பிலிம் சுருளில் 36 படம். எங்க அப்பா எண்ணி எண்ணி எடுப்பார். “ஏட்டி, கண்ணைச் சிமிட்டுனே, ஒரு படத்துக் காசு போச்சு!” என்பார். சுருள் முடிகிறவரைக்கும் கழுவக் கொடுக்க மாட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு எடுத்த படத்தைத் தீபாவளிக்குத்தான் பார்ப்போம். பார்க்கும்போது ஒரே திருவிழா ரெண்டு தடவை நடந்த மாதிரி இருக்கும். நடுவர் அவர்களே, இன்பம் கூடியதா, குறைந்ததா?

2023-ஆம் வருடம் பொங்கல் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு அந்தமான் போனோம். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் தாண்டிய தீவு. அன்றைக்குப் போர்ட் பிளேர். 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே நான் மூன்று பாடம் படித்தேன்.

முதல் பாடம் செல்லுலார் சிறையில். 1906-இல் கட்டி முடித்த சிறை. ஏழு சிறகுகளில் இன்றைக்கு மிச்சம் மூன்றுதான். அதை எப்படிக் கட்டினான் வெள்ளைக்காரன்? ஒரு சிறகின் வாசல் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கிற மாதிரி. கைதி கம்பி வழியாகப் பார்த்தால் எதிரே வெறும் சுவர். இன்னொரு மனிதன் முகம் தெரியக் கூடாது! அடிப்பதும் செக்கிழுக்க வைப்பதும் போதாது, முகத்தை மறைத்தால்தான் மனுஷன் உடைவான் என்று கணக்குப் போட்டான். முகம் என்பது அவ்வளவு பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைச் சேர்த்து வைப்பது தப்பா?

இரண்டாவது பாடம் பாராடாங் போகிற காட்டுப் பாதையில். அது ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகளை வரிசையாகக் காவலோடு அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. 1956-ஆம் வருடப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2012-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். அதே 2012-இல்தான், உணவு தருவதாகச் சொல்லி ஜாரவாப் பெண்களை ஆட வைத்துப் பிடித்த படம் ஒன்று வெளிவந்து உலகமே தலைகுனிந்தது. எங்க வண்டியில் ஒரு தம்பி மெல்ல செல்போனைத் தூக்கினான். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தமிழிலேயே சொன்னார், “உங்க வீட்டு வாசல்ல நின்னு ஒருத்தன் எடுத்தா விடுவீங்களா?” தம்பி கை தானாக இறங்கிவிட்டது. எதிரணி நண்பர்களே, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான். பிறரைக் காட்சிப்பொருளாக்குகிற படம் பாவம். ஆனால் நான் பேச வந்தது நம்ம வீட்டு முகங்களை!

மூன்றாவது பாடம் ராதாநகர் கடற்கரை. 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று பாராட்டிய கடற்கரை. அன்றைக்கு மட்டும் நானூறு படம். ராத்திரி தங்கும் விடுதியில் உட்கார்ந்து பார்க்கிறோம். எங்க வீட்டுக்காரர் நின்ற படம், குனிந்த படம், குதித்த படம்... என்னைக் காணோம்! என் மாமியாரையும் காணோம்! நாங்கள் எங்கே இருந்தோம்? பத்து ஜோடி செருப்புக்கும் நாலு பைக்கும் காவல்! (சிரிப்பு) இங்கே தாய்மார்கள் ரொம்பப் பலமாகச் சிரிக்கிறீர்கள். உங்க வீட்டு ஆல்பமும் அப்படித்தான் போல!

என் மகள்தான் அதைக் கவனித்தாள். மறுநாள், “செருப்பை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க, ஆச்சி! வாங்க தண்ணிக்குள்ள” என்று கையைப் பிடித்தாள். “எனக்கு எதுக்குட்டி படம்? ஆயுசு குறையும்” என்றார்கள் அத்தை. விடவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வந்து காலில் மோதியதும் பொக்கை வாயால் ஒரு சிரிப்பு. நாற்பது வருஷம் அடுப்படியில் பார்க்காத சிரிப்பு ஐயா அது!

அடுத்த வருடம் அத்தை தவறிவிட்டார்கள். மாலை போடப் படம் தேடினோம். ஆதார் அட்டையில் ஒன்று இருந்தது. ஆதார் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! இன்றைக்கு எங்க வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தக் கடற்கரைச் சிரிப்புதான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது, “ஆச்சி, போய்ட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறார்கள்.

என் அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு ஒரு படம்கூடக் கிடையாது. “எப்படிம்மா இருப்பாங்க?” என்று கேட்டால், “உன் மூக்கு அவங்க மூக்குதான்” என்பார் அம்மா. அந்த மூக்கு ஒன்றுதான் எனக்கு மிச்சம். முகம் அம்மாவோடு போய்விட்டது.

ஆகவே பெரியோர்களே, சுற்றுலா போங்கள். முதலில் கண்ணாரப் பாருங்கள், பிறகு படம் எடுங்கள். மலையும் கடலும் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். அதற்கு முன்னால் நிற்கிற மனுஷர்களை எடுங்கள். செருப்புக்குக் காவல் இருப்பவளைக் கூப்பிட்டு நடுவிலே நிறுத்துங்கள். எடுத்ததில் நாலையாவது அச்சுப் போட்டு வையுங்கள்.

படம் இன்பத்தைக் கூட்டுகிறது; இன்பம் போன பிறகும் உறவைக் காக்கிறது. நடுவர் ஐயா, தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். தந்த பிறகு எங்களோடு நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்!

 (பலத்த கைதட்டல்)