விளிம்பில் உடையும் தொடையென்பு



எங்களில் பலர் இப்போது செயற்கை இடுப்பு மூட்டோடு நடமாடுகிறோம். அப்படியானவர் விழுந்து தொடையென்பு முறிந்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

வகுப்பில் அடிமட்டத்தின் பாதியை மேசையில் அழுத்திப் பிடித்து மறுபாதியை வளைத்து விளையாடியிருக்கிறோம். அது முறிவது மேசை விளிம்பில்தான். மூட்டின் உலோகத் தண்டு தொடையென்பின் உட்குழியில் இறங்கி நிற்கிறது. பௌதிகத்தில் படித்த யங்கின் மட்டை நினைத்துப் பாருங்கள்: தைத்தேனியக் கலப்புலோகத்துக்கு அது என்பைவிட ஐந்து மடங்குக்கும் மேல். விறைத்த தண்டு முடியும் இடத்தில் தகைப்புக் குவிகிறது.

1995 இல் வெளியான வன்கூவர் வகைப்பாட்டின்படி, தண்டு தளர்ந்துவிட்டதா என்று பார்க்கிறோம். தளர்ந்திருந்தால் தண்டையே மாற்ற வேண்டும். உறுதியாயிருந்தால் என்பின் வெளிப்புறத்தில் தகடு பொருத்துகிறோம். தண்டு நிற்குமிடத்தில் திருகாணி குறுக்கே போகாது. அங்கே குறுந்திருகாணிகளும் என்பைச் சுற்றி இறுக்கும் உலோக வடங்களும் உதவுகின்றன.

தகடு தண்டின் நுனியைத் தாண்டி, என்பின் அகலத்தைப்போல் இரு மடங்காவது மேலேற வேண்டும். தண்டின் நுனியிலேயே தகடும் முடிந்தால் இன்னொரு மேசை விளிம்பை நாங்களே உண்டாக்கியவர்களாவோம். எல்லாத் துளைகளிலும் திருகாணி இடுவதும் பிழை. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அறுந்துவிடும். வளைவு நீளத்தில் பரவினால் தாங்கும். ஆகவே முறிவருகே சில துளைகளை வெறுமையாக விடுகிறோம். அங்கு எஞ்சும் சிற்றசைவு புதிய என்பு வளரத் தூண்டும். என்பு பொருந்தத் தாமதித்தால் உலோகமும் களைத்து உடையும்.

"இந்த வயதில் ஒப்பரேசன் எதற்கு, படுத்தே ஆறட்டும்" என்று வீட்டார் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் படுக்கைப்புண், நியூமோனியா, இரத்தக்கட்டி எல்லாம் படுக்கையோடு வருபவை. வயதானவரை விரைவில் எழுப்பி நிற்க வைப்பதற்கே தகடு.

மூட்டு மாற்றிய காலில் தொடை புதிதாக நொந்தால், விழும்வரை காத்திராது கதிர்ப்படம் எடுங்கள். சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியை அடையாள அட்டையோடு வைத்திருங்கள். ரொறன்ரோவில் பொருத்திய மூட்டின் அருகே யாழ்ப்பாணத்தில் என்பு முறிந்தால், வைத்தியருக்கு அக்கடதாசியே வழிகாட்டி. இரவில் எழும்பினால் விளக்கைப் போடுங்கள், சகோதரிகளே.