பெரிய பீரங்கி சுடாத கப்பல்

(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "கிராணியாரே, வல்லரசுகள் பிறர் நாட்டுக்குப் போர்க்கப்பல் அனுப்புகிறார்களே, அது அங்கே போய்ச் சுடுமா, சும்மா நிற்குமா?" நல்ல கேள்வி. ஒரு கப்பலை வைத்தே பதில் சொல்கிறேன்.

அதன் பெயர் புளோரிடா. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்தது. எடை 20,000 டன்னுக்கு மேல். 12 அங்குலப் பீரங்கிகள் 10. ஆட்கள் ஏறக்குறைய 1,000 பேர். அடித்தட்டில் வெக்கையில் நின்று நிலக்கரி அள்ளிக் கொட்டியவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள். அவர்கள் பெயரை எந்தச் சரித்திரமும் எழுதுவதில்லை.

1914 ஏப்ரல் 9ஆம் தேதி மெக்சிகோவின் தம்பிகோ துறைமுகத்தில் பெட்ரோல் வாங்க இறங்கிய அமெரிக்க மாலுமிகள் சிலரை அந்நாட்டுச் சிப்பாய்கள் பிடித்தார்கள். சிறிது நேரத்தில் விட்டுவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். அது போதாது, எங்கள் கொடிக்கு 21 குண்டு மரியாதை செய் என்றார் அமெரிக்கத் தளபதி மேயோ. நீங்களும் பதிலுக்கு எங்கள் கொடிக்குச் சுடுங்கள் என்றார் ஹுவர்த்தா. இந்த ஹுவர்த்தா யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை. 1913இல் சதி செய்து ஆட்சியைப் பிடித்தவர்தான் அவர்.

இதற்குள் இப்பிராங்கா என்ற ஜெர்மன் கப்பல் ஹுவர்த்தாவுக்கு ஆயுதம் ஏற்றிக்கொண்டு வெராக்குரூஸ் துறைமுகத்தை நோக்கி வந்தது. ஜனாதிபதி வில்சன் உத்தரவிட்டார். எதைப் பிடிக்கச் சொன்னார்? கோட்டையை அல்ல தோழர்களே, சுங்கச் சாவடியை! கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு இது உடனே விளங்கியது. துறைமுக வரி ஓர் அரசாங்கத்தின் கல்லாப்பெட்டி. சரக்கு இறங்குவதும் அந்த வாசலில்தான்.

ஏப்ரல் 21 முற்பகலில் புளோரிடாவிலிருந்தும் பிரேரி என்ற கப்பலிலிருந்தும் படகுகள் கரைக்கு வந்தன. யூட்டா என்ற போர்க்கப்பலின் ஆட்களும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். மெக்சிகோத் தளபதி மாஸ் தம் படையோடு ஊரைவிட்டு விலகிப் போனார். ஆனால் ஊர் விலகவில்லை. சாதாரண ஜனங்களும், சிறையிலிருந்து விடுவித்துத் துப்பாக்கி கொடுக்கப்பட்டவர்களும், கடற்படைப் பள்ளி மாணவர்களும் மாடியிலிருந்தும் மூலை முடுக்கிலிருந்தும் சுட்டார்கள்.

மறுநாள் இன்னும் 5 போர்க்கப்பல்கள் வந்து நின்றன. நியூ ஹாம்ப்ஷயர் கப்பலின் மாலுமிகள் ஏதோ அணிவகுப்புக்குப் போவதுபோல் வரிசையாக அந்தப் பள்ளியின் முன் நடந்தார்கள். சன்னல்களிலிருந்து குண்டு பாய்ந்தது. உடனே செஸ்டர், சான் பிரான்சிஸ்கோ, பிரேரி ஆகிய சிறு கப்பல்கள் பள்ளியைச் சுட்டுச் சிதைத்தன. புளோரிடாவின் 12 அங்குலப் பீரங்கிகள் ஊரின்மேல் ஒரு குண்டும் போடவில்லை. அந்தக் கப்பல் ஆட்களை இறக்கியது. பின்னால் மலைபோல் நின்றது. அவ்வளவுதான் அதன் வேலை. அதுவே போதுமானதாக இருந்தது.

அமெரிக்கர் பக்கம் ஏறக்குறைய 20 பேர் மாண்டார்கள். மெக்சிகோ மக்களில் 100 பேருக்கு மேல். விர்ஹிலியோ உரிபே என்ற பள்ளி மாணவன் அவர்களில் ஒருவன். ஹொசே அசுவெத்தா என்ற இளம் அதிகாரி படுகாயத்தோடு கிடந்தபோதும் அமெரிக்க வைத்தியரின் உதவி வேண்டாம் என்று மறுத்ததாக அந்நாட்டார் இன்றும் சொல்வார்கள். மே மாதம் அவர் இறந்தார்.

சரி, அந்த ஆயுதங்கள்? அதே மே மாதத்தில் இப்பிராங்கா தெற்கே புவெர்த்தோ மெக்சிகோ என்ற வேறொரு துறைமுகத்துக்குப் போய் அவற்றை நிம்மதியாக இறக்கிவிட்டது! உள்நாட்டுப் புரட்சிக்காரர்களின் கை ஓங்கவே, ஜூலையில் ஹுவர்த்தா பதவியைவிட்டு ஜெர்மன் கப்பலேறிப் போய்விட்டார். வெராக்குரூஸ் சுங்கச் சாவடியில் மட்டும் நவம்பர் 23 வரை அமெரிக்க அதிகாரிகள் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.