ஆடுறது டிஸ்க்கா, பேரிங்கா?

முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைச்சா 'டக்'னு சத்தம் வருது, டிஸ்க்கை மாத்தணுமா? அம்பத்தூர், ஆவடின்னு சி.டி.எச். ரோட்டுல தினமும் ஓட்டுற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி.

முதல்ல டிஸ்க் எந்த வகைன்னு பாருங்க. ஒரே தகடா ஹப்புல போல்ட் பண்ணியிருந்தா ஃபிக்ஸட். அதுல துளி ஆட்டமும் கூடாது. நடுவுல தனி கேரியர், சுத்தி வட்ட வட்டமா பாபின் இருந்தா ஃப்ளோட்டிங். சூட்டுல டிஸ்க் விரியணும்னு இடம் விட்டே செய்றாங்க. அங்கே லேசான பிளே இருந்தா குறை இல்லை. அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினா சிரிச்சுட்டு வந்துடுங்க.

அடுத்து, ஒருத்தர் பிரேக்கைப் பிடிச்சு வண்டியை அசைக்கட்டும். நீங்க விரலால லேசா தொட்டுப் பாருங்க. காலிப்பர்ல தட்டினா பேடு இல்லன்னா ஸ்லைடு பின். ஹேண்டில் கழுத்துல தட்டினா கோன் செட்.

அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தரை அமுக்கச் சொல்லி முன் வீலைத் தூக்குங்க. வீலை மேலயும் கீழயும் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க. ஃபோர்க் அசையாம வீலும் டிஸ்க்கும் சேர்ந்து ஆடினா, அது பேரிங்.

எனக்குப் பயம் சத்தத்தைப் பத்தி இல்லை. பூந்தமல்லி பக்கம் ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதும், லீவர் முதல் பிடியில உள்ளே போய், ரெண்டாவது பிடியிலதான் பிரேக் பிடிக்குதா? பேரிங் ஆட்டத்துல டிஸ்க் சாய்ஞ்சு பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். அந்த வண்டியை அதுக்கு மேல ஓட்டாதீங்க. டிஸ்க் விலை விசாரிக்கிறதுக்கு முன்னாடி பேரிங்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டிஸ்க்கோட ஒப்பிட்டா அதோட விலை ரொம்பக் கம்மி.