போனில் பேசுவதும் சேதி சொல்லி வைப்பதும்

நான் பத்தாவது வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் போன் இல்லாமல் இன்றைக்கு எந்தக் குழுவும் ஓடுவதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசலாம் என்று தைரியமாக வந்து நிற்கிறேன்.

முன்பெல்லாம் கூட்டம் என்றால் வீடு வீடாகப் போய்ச் சொல்லுவார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் போட்டால் போதும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அக்காமாருக்கு அதுதான் வசதி. ஆனால் அந்த வாய்ஸ் எப்படி வருகிறது? “அக்கா, நான்தான். நாளைக்கு எல்லாரும் வந்துருங்க, அதையும் எடுத்துட்டு வாங்க.” நான்தான் என்றால் யார்? அது என்றால் எது? விடிந்த பிறகு கேட்கிறவளுக்கு நாளைக்கு என்பது எந்த நாள்?

இப்படிச் சொல்லிப் பாருங்க: “நான் மல்லிகை குழு பிரதிநிதி பேசுறேன். வர்ற 12-ந் தேதி வியாழக்கிழமை காலை 10 மணிக்கு பேங்க்ல கடன் மனுவுக்குக் கையெழுத்து போடணும். ஆதார், பாஸ்புக், ரெண்டு போட்டோ கொண்டு வாங்க. கேட்டவங்க சரின்னு பதில் போடுங்க.” அரை நிமிஷம்கூட ஆகாது. ஒருத்தி ஆதாரை மறந்து வந்தாலும் காரியம் தள்ளிப்போகும். நடவு நேரத்தில் எல்லாருக்கும் ஒரு நாள் கூலி போய்விடும்.

போன் போட்டால் முதலில் பேரைச் சொல்லி, “இப்ப பேசலாமா?” என்று கேட்கணும். எடுக்கவில்லை என்றால் ஒரு மிஸ்டு கால் போதும். பார்த்துக் கூப்பிடுவார்கள்.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். நம்மில் நிறைய வீட்டில் போன் வீட்டுக்காரர் கையிலோ பிள்ளைகள் கையிலோதான் இருக்கிறது. எடுத்தவர் யார் என்று கேட்காமல், “ரெண்டு தவணை பாக்கி” என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும்? எங்கள் பக்கத்து ஊரில் ஒருத்திக்கு அப்படி மாமியார் காதில் விழுந்து, மூணு வாரம் கூட்டத்துக்கே வரவில்லை. பிரதிநிதி நேரில் போய்ப் பேசித்தான் திரும்ப வந்தாள். கணக்கு கேட்கிற இடம் வாரக் கூட்டம். போனில் வேறு யாராவது எடுத்தால், “குழு விஷயமா பேசணும், எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க” என்று பேரைச் சொல்லி வைத்தால் போதும். சின்னப் பிள்ளை எடுத்தால், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கணும். பாக்கி விஷயத்தைக் குரூப்பிலும் போடக் கூடாது.

இவ்வளவு மரியாதை சொல்லுகிறேன், ஒருத்தருக்கு மட்டும் அது வேண்டாம். “பேங்க்லேர்ந்து பேசுறோம், ஓ.டி.பி. நம்பர் சொல்லுங்க” என்று வந்தால் பதில் பேசாமல் வைத்துவிடுங்கள். எந்த பேங்க்கும் போனில் அதைக் கேட்காது. பணம் போய்விட்டது தெரிந்தால் உடனே 1930-க்குச் சொல்லணும். 108-க்குப் போன் போட்டால் பதறாமல் முதலில் ஊர் பேர், பக்கத்தில் இருக்கிற கோயிலோ பள்ளிக்கூடமோ சொல்லணும். வண்டி வந்து சேருகிறவரை போனில் வேறு யாரிடமும் பேசாமல் இருக்கணும்.

வர்ற வாரக் கூட்டத்திலேயே ஆளுக்கொரு வாய்ஸ் பேசிப் பழகுவோம்.