பழைய காரின் உள்ளலங்காரம்

பழைய வீடொன்றைப் புதுக்க முற்படுபவர் சுவரைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. கல்லும் சுண்ணாம்பும் இன்றும் கிடைக்கின்றன. கதவிலிருந்த பித்தளைத் தாழ்ப்பாள் காணாமற் போயிருந்தால்தான் அவர் கடை கடையாக அலைய நேரிடுகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரின் நிலையும் இத்தகையதே.

எம்.ஜி.பி. என்னும் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரிலே 1962 முதல் 1980 வரை இது உற்பத்தியாயிற்று. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. இதன் இரும்புக்கூடு துருப்பிடித்து அழிந்தாலும் பரிகாரம் உண்டு. பழைய அச்சுக்களையே கொண்டு, 1988ஆம் ஆண்டு முதல் புதிய கூடுகள் செய்யப்பட்டன. ஆனால், உள்ளே அமர்பவர் கண்ணும் கையும் படுகின்ற பொருள்களுக்கு அத்தகைய நல்வாய்ப்பு எப்பொழுதும் அமைவதில்லை.

காரணம் யாது? பதினெட்டு ஆண்டுகளில் அவை பன்முறை மாறின. தொடக்கத்தில் ஆசனங்களின் முகப்புத் தோலாலானது. பின்னர் ரெக்சீன் போன்ற வினைல் வந்தது. 1976இல் பிரித்தானிய வண்டிகளுக்குக் கோடுபோட்ட துணி வந்தது. வட அமெரிக்காவுக்குச் சென்ற வண்டிகளில், அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கு அமைய, 1968 முதல் மெத்தை போன்ற டாஷ்போட் பொருத்தப்பட்டது. விபத்தில் மனிதரைக் காக்கப் பிறந்த அந்த மெத்தை வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. வெடித்துப் பிளந்தது. இதிலொரு விந்தை உண்டு: வறண்ட நாட்டு வண்டியில் இரும்பு பிழைக்கிறது, உள்ளலங்காரம் அழிகிறது.

ஆகவே, தேடப் புறப்படுபவர் முதலில் தம் வண்டியின் பிறப்பை அறிதல் வேண்டும். கெய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அரும்பொருளகம் தொழிற்சாலைப் பதிவேடுகளை ஆராய்ந்து சான்றிதழ் வழங்குகிறது. வண்டி கட்டப்பட்ட நாளும் அதன் முதல் நிறங்களும் அதனால் தெரியவரும். அதன் பின்னரே பாகப் பட்டியலைப் புரட்டுதல் பயன்தரும். வேகமானியின் முகத்திலுங்கூட ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைலுக்கு அதன் கம்பி எத்தனை முறை சுழல வேண்டும் என்பதை அது குறிக்கிறது. தோற்றத்தில் ஒத்திருக்கிறதென்று வேறெண் கொண்ட கருவியைப் பொருத்தினால் அது பொய்யான வேகத்தைக் காட்டும்.

தேடும் இடங்கள் மூன்று: பழைய விற்பனையாளரின் களஞ்சியம், உடைக்கப்பட்ட வண்டி, உதிரிப்பாகச் சந்தை. இங்கிலாந்தின் பியூலியில் 1967இல் தொடங்கிய சந்தை இவ்வகையிற் புகழ்பெற்றது. எனினும், பெட்டி திறக்கப்படாத பொருளெல்லாம் புதியதென்று கருதலாகாது. இறப்பர் பெட்டிக்குள்ளேயும் மூப்படைகிறது. ஆசன வார் போன்று உயிரைக் காக்கும் பொருளைப் பழையதாக வாங்குதல் தகாது. அங்கே அசலின் பெருமையைவிட உயிர் பெரிது.

அசல் கிடைக்காவிடின் அதனைப் பார்த்துச் செய்த பிரதியை வாங்கலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. பிரதியை அசலென்று சொல்லி விற்பதே இழுக்கு. ஆனால், பலர் செய்யும் தவறு வேறு. புதிய உறை வந்துவிட்டதென்ற மகிழ்ச்சியில், கழற்றிய பழைய உறையைக் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். தையல் எங்கே ஓடியது, விளிம்பு நாடா எந்த நிறம், மடிப்பு எத்தனை அங்குலம் என்பவற்றை அறிவதற்கு அந்தக் கிழிந்த தோலே சாட்சி. அதுவும் போய்விட்டால், நாளை பிரதி செய்பவனுக்குப் பார்த்துச் செய்வதற்கு எதுவுமில்லை.

கிழிந்ததைக் கழற்றலாம், கழற்றியதைத் துடைத்து, பெயரெழுதி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பழைய காரைப் பேணும் கலையில் அரைப்பங்கு தேடுவது. மற்றைய அரைப்பங்கு எறியாதிருப்பது.