மேசையை விட்டுப் பாலர் பள்ளிக்கு: இது இறக்கமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரை)



அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகலாமா? இதுதான் இன்றைய கேள்வி. கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால், செனாவாங் போன்ற ஓர் ஊரில் இந்தக் கேள்வி எழும்போது அதன் பின்னால் ஒரு தோட்டத்து வரலாறே நிற்கிறது.

அன்றைய ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. மரம் வெட்டப் போகும் தாய் தன் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அவற்றை ஆட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் வயதாகி, மரம் வெட்ட முடியாமற்போன ஒரு பாட்டி. இன்னொரு பக்கம் தோட்டத்து ஆபீஸ். அங்கே வெள்ளைச் சட்டையில் கிராணி. மழையில் நனையாத வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். தோட்டத்துப் பெற்றோர் கண்ட கனவு, தங்கள் பிள்ளை அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான்.

அதனால்தான் இன்று ஒரு பெண் தன் அலுவலக வேலையை விட்டுப் பாலர் பள்ளிக்குப் போகிறேன் என்றால், வீட்டில் அம்மா பதறுகிறார். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்? மறுபடியும் ஆயா வேலையா?" என்கிறார். அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. காட்டிலிருந்து ஆபீஸ் வரை வர அந்தக் குடும்பத்துக்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கும்.

ஏழு வயதுக்கு முன்னால்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பெருக அது ஒரு காரணம். ஆனால், ஏழு வயதுக்கு முன்னால்? அது படிப்புக்குரிய வயதாகவே எண்ணப்படவில்லை. குழந்தை அழாமல் இருந்தால் போதும், பசித்தால் பால் கொடுத்தால் போதும் என்பதே எதிர்பார்ப்பு.

இன்றைய அறிவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு குழந்தைக்கு ஆறு வயது ஆவதற்குள் அதன் மூளை, பெரியவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பேச்சு, பொறுமை, பிறரோடு பழகும் பழக்கம் எல்லாவற்றுக்கும் அடித்தளம் அந்த ஆண்டுகளில்தான் விழுகிறது.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி நகரில் 1962இல் ஓர் ஆய்வு தொடங்கியது. பெரி பாலர் பள்ளி ஆய்வு என்று பெயர். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் தரமான பாலர் கல்வி. ஆசிரியர்கள் வாரந்தோறும் வீடு தேடிச் சென்று தாயோடும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளை நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் கல்வி பெற்றவர்களில் வேலையில் இருந்தோர் அதிகம். போலீசிடம் பிடிபட்டோர் குறைவு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கற்பித்தவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். நல்ல மனம் மட்டும் அந்தப் பலனைத் தந்துவிடவில்லை.

வழக்கறிஞர் கோட்டைக் கழற்றியவர்

நல்ல வேலையை விட்டுக் குழந்தைகளிடம் வந்தவர்கள் உண்டா? உண்டு. குஜராத்தில் 1885இல் பிறந்த கிஜுபாய் பதேக்கா ஒரு வழக்கறிஞர். கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர், திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்தார்; பின்னர் வழக்கறிஞர் தொழில் நடத்தினார். தமக்கு மகன் பிறந்தபின், குழந்தையை எப்படி வளர்ப்பது என்று தேடத் தொடங்கினார். அந்தத் தேடலில் மரியா மாண்டிசோரியின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. 1916இல் பாவ்நகரில் தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே பால மந்திர் என்ற குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அடி இல்லை, மிரட்டல் இல்லை. கதை, பாட்டு, விளையாட்டு. குழந்தைகளுக்குத் தாயாகவே நின்ற அந்த மனிதரை மக்கள் 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தார்கள். 'ஆயா வேலை' என்று யாரும் அவரை இகழ்ந்ததாக வரலாறு நினைவில் வைக்கவில்லை. 'அம்மா' என்ற பெயர்தான் நிலைத்தது.

அவருக்கு வழிகாட்டிய மாண்டிசோரியும் வேறு தொழிலிலிருந்து வந்தவரே. அவர் மருத்துவர். 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, ஓலைக் குடில்களில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். ஓலைக் கூரை ஒரு வேலையைத் தாழ்த்திவிடாது. கூரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

கணக்கையும் பார்க்க வேண்டும்

ஆனால், புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. வேலையை விடுபவருக்கு வீட்டுக் கடன் இருக்கும், கார் தவணை இருக்கும்.

நம் நாட்டில் இத்துறைக்கு இரண்டு வாசல்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது தாஸ்கா எனப்படும் பராமரிப்பு மையம். இது 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சமூகநல இலாகாவில் பதிவாக வேண்டும். வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த நான்கு குழந்தைகளைக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டாலே அது சட்டத்தின் பார்வையில் ஒரு மையம்தான். நான்கு முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது பாலர் பள்ளி. இது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ்க் கல்வி அமைச்சில் பதிவாக வேண்டும். 2013–2025 கல்வி மேம்பாட்டுத் திட்டம், பாலர் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தது டிப்ளோமா தகுதி வேண்டும் என்ற இலக்கை வைத்தது.

இப்போது சம்பளக் கணக்கு. பராமரிப்பு மையத்தில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மூன்றால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தையின் கட்டணத்திலும் ஏறத்தாழ 567 வெள்ளி அந்த ஒருவரின் சம்பளத்துக்கே போய்விடும். கடை வாடகை, சாப்பாடு, மின்சாரம், ஊழியர் சேமநிதி எல்லாம் அதற்கு மேல். செனாவாங் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளம் தம்பதியால் எவ்வளவு கட்ட முடியும்? கட்டணத்தை ஏற்றினால் பெற்றோருக்குத் தாங்காது. ஏற்றாவிட்டால் ஆசிரியருக்கு உயர்வு இல்லை. இத்துறையில் சம்பளம் தாழ்ந்து கிடப்பதற்கு இந்த இறுக்கம் ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே, மேலதிகாரி மீதுள்ள கோபத்தில் வேலைவிலகல் கடிதம் எழுதிவிட்டு இங்கே வராதீர்கள். முதலில் விடுமுறை நாளில் ஒரு பாலர் பள்ளிக்குப் போய் முழு நாளும் உதவியாளராக இருந்து பாருங்கள். சொந்தப் பிள்ளை மீது அன்பு காட்டுவது வேறு. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது நிதானம் இழக்காமல் இருப்பது வேறு. பிடித்திருந்தால், வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாக டிப்ளோமா படிக்கலாம். மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை இப்படிப்பை வழங்குகின்றன. பள்ளிச் சான்றிதழ் போதாதவர்களுக்கு, வேலை அனுபவத்தை மதிப்பிட்டு நுழைவுத் தகுதி தரும் ஏப்பல் முறையும் உண்டு. ஊழியர் சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது. குறைந்தது ஆறு மாதக் குடும்பச் செலவுக்குச் சேமிப்பு வைத்துக்கொண்டு, அதன்பின் மேசையை விட்டு எழுந்திருங்கள்.

அலுவலகத்தில் கழிந்த ஆண்டுகளும் வீண் அல்ல. நல்ல மனத்தோடு தொடங்கிய பாலர் பள்ளிகள் சில கணக்கு வைக்கத் தெரியாமலும், தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா, நகராண்மைக் கழகக் கடிதங்களுக்குப் பதில் எழுதத் தெரியாமலும் தடுமாறுவதுண்டு. கோப்பும் கணக்கும் அறிந்த ஒருவர் அங்கே பெரும் பலம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த மாற்றம் ஒருவருடைய துணிச்சலால் மட்டும் நிலைக்காது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டது. ஆனால், ஷிப்டு வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தை இன்னும் யாரிடமோதான் போகிறது. அந்த 'யாரோ' பயிற்சி பெற்றவரா, பதிவு பெற்ற இடத்தில் இருப்பவரா என்று கேளுங்கள். டியூஷனுக்கு மாதந்தோறும் செலவழிக்கத் தயங்காத நாம், நான்கு வயதில் கேட்கும் கட்டணத்துக்குப் பேரம் பேசுகிறோம். மூன்று வயதில் கதை கேட்டு வளராத பிள்ளையை, பன்னிரண்டு வயதில் டியூஷன் வைத்துத் தூக்கி நிறுத்துவது கடினம்.

அன்றைய ஆயா தாழ்ந்த வேலை செய்யவில்லை. மிக உயர்ந்த வேலையைப் பயிற்சியும் இல்லாமல், போதிய கூலியும் இல்லாமல் செய்தார். அந்த இரண்டும் இருந்திருந்தால் அவரையும் இந்தச் சமுதாயம் ஆசிரியர் என்றே அழைத்திருக்கும். இன்று அதே வேலைக்கு வருபவர்களிடம் பயிற்சியைக் கேளுங்கள். அவர்களுக்கு நியாயமான ஊதியத்தையும் கொடுங்கள்.