பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று எம்மில் பலர் பல நாடுகளில் வாழ்கிறோம். விடுமுறை கிடைத்தால் இன்னொரு நாட்டைப் பார்க்கப் புறப்படுகிறோம். மலையையும் கடலையும் மட்டுமல்ல, சந்தையில் மரக்கறி விற்கும் ஆச்சியையும் தெருவில் விளையாடும் பிள்ளையையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வருகிறோம். அந்தப் படங்களைப் பற்றியே சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

1984ஆம் ஆண்டு பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அருகே, நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக்கூடமாக இயங்கிய ஒரு கூடாரத்தில் ஆப்கான் சிறுமி ஒருத்தியை அமெரிக்கரான ஸ்டீவ் மக்கறி படமெடுத்தார். 1985 ஜூன் மாத 'நஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகையின் அட்டையில் அது வெளியாயிற்று. எம்மை நேரே பார்க்கும் அந்தப் பச்சை விழிகளை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். உலகமே அறிந்த அந்த முகத்துக்குப் பெயர் மட்டும் இருக்கவில்லை. 2002இல் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அவர் சர்பத் குலா என்று தெரியவந்தது. அதுவரை அந்தப் படத்தை அவர் கண்டதே இல்லை. முன்பின் அறியாத ஓர் ஆண் தன்னைப் படமெடுத்ததால் அன்று தனக்குக் கோபம் வந்ததை அவர் மறக்கவில்லை. அந்தக் கண்களில் பயம் என்றும் போர் என்றும் உலகம் எத்தனையோ வாசித்தது. அவரிடம் கேட்டவர் இல்லை. பெயர் தெரிந்த பிறகே அவருடைய வாழ்க்கையும் எமக்குத் தெரிந்தது: 2016இல் போலி அடையாள அட்டை தொடர்பாகப் பாகிஸ்தானில் கைதானார், ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார், 2021இல் இத்தாலி அவரை ஏற்றுக்கொண்டது.

எமது நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கைக்கு வந்து, களுத்துறையில் வாழ்ந்து, 1879இல் இங்கேயே காலமானார். 1877இல் தம் வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தை அவர் எடுத்த படத்துக்குப் பெயர் இருக்கிறது. அதே ஊரில் அவர் படமெடுத்த உள்ளூர் மக்களோ 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றே நிற்கிறார்கள். அவர்கள் யாருடைய பாட்டன், பாட்டி என்று இன்று சொல்ல வழியில்லை.

ஆகவே சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். படமெடுக்குமுன் கேளுங்கள். மொழி தெரியாவிட்டால் கமராவைக் காட்டினால் போதும். முகமே பதில் சொல்லும். மறுத்தால் வணங்கி விலகுங்கள். பிள்ளை என்றால் தாய் தகப்பனைக் கேளுங்கள். கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பார்கள். சற்று நேரம் பக்கத்தில் இருந்து ஒரு தேநீர் குடியுங்கள். அவர்கள் தம் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். பெயரை அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அனுப்புவதாகச் சொன்னால் அனுப்பிவிடுங்கள். அகதிகள் போன்றோரின் பெயரை வெளியிட்டால் அவர்களுக்கு ஆபத்து வரலாம். அது உங்கள் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும்.

இது எமக்குப் புதிய பாடமல்ல. பாடசாலைக் குழுப்படங்களின் கீழே 'இருப்பவர்கள், நிற்பவர்கள், இடமிருந்து வலமாக' என்று ஒவ்வொரு பெயரையும் எழுதும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். கடைசி வரியில் 'சமுகமளிக்காதோர்' என்று அன்று வராத பிள்ளையின் பெயரையும் சேர்த்துக்கொள்வோம். வராதவளுக்கே அங்கு ஓர் இடம் உண்டென்றால், எம் கமராவுக்கு முன்னால் வந்து நிற்பவருக்கு அதைவிடக் குறைவாகவா கொடுப்பது?